ஓய்வுக்குப் பின் ஒரு புத்தகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில், பெரும்பாலும் தாராவிப் பகுதியில், ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். புத்தகம் எழுத வேண்டும் என்ற ஆசை இப்போதுதான் வந்திருக்கிறது. மாணவர்களுக்கான நல்லொழுக்கக் கட்டுரைகள் சிலவற்றை எழுதி முடித்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே உயிரில்லாததுபோல் தோன்றுகிறது. இந்த வயதில் இது வேண்டாத வேலையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சயான், மும்பை

பதில்: வேண்டாத வேலையே அல்ல, அம்மா. சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1919-இல் ஓய்வுபெற்ற உ.வே.சாமிநாதையர், தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியது 1940-இல். அப்போது அவருக்கு வயது 85-ஐ நெருங்கியிருந்தது. 1942-இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மாணவன் ஆசிரியரை எப்படித் தேடிச் சென்றான், எப்படிப் பாடம் கேட்டான், எங்கே உண்டான் என்பதையெல்லாம் இன்று நாம் அறிவது பெரிதும் அந்த நூலால்தான். ஆசிரியரிடம் மாணவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் உபதேசம் செய்யவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினார்.

உங்கள் கட்டுரைகளில் உயிர் இல்லாததற்குக் காரணம் உங்கள் வயதோ நடையோ அன்று. உண்மை பேசுதல், நேரம் தவறாமை பற்றியெல்லாம் தாராவியில் காலடி வைக்காத ஒருவரும் எழுதிவிட முடியும். உங்களிடம் மட்டுமே இருப்பது வேறு. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவரின் பேரப்பிள்ளை, நான்காம் வகுப்பில் சிவாஜி மகாராஜாவின் வரலாற்றைத் தமிழில் படித்து, மராத்தியை இன்னொரு பாடமாகக் கற்று, வீட்டுக்குத் திரும்பும் சந்தில் இந்தியில் விளையாடுகிறது. அந்தப் பிள்ளை எந்த மொழியில் கணக்குப் போட்டது, எந்த மொழியில் அழுதது என்பதை அருகிலிருந்து பார்த்தவர் நீங்கள். மே விடுமுறைக்கு ஊருக்குப் போன குடும்பம் ஜூன் மாதம் பள்ளி திறந்த பின்னும் திரும்பாதபோது, வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை என்ன செய்தீர்கள்? சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய 2005 ஜூலை 26 அன்று உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களை யார் வந்து அழைத்துச் சென்றார்கள்? வீட்டுக்கு வீடு ஆங்கிலவழிப் பள்ளியை நாடத் தொடங்கிய பிறகு உங்கள் வகுப்பறையில் எந்த இருக்கைகள் முதலில் காலியாயின? மும்பைத் தமிழரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் வகுப்பறைக்குள் நின்று எழுதியவை மிகக் குறைவு என்பது என் எண்ணம். அந்தக் குறையை நீங்கள் தீர்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

எழுதும்போது ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டியிருக்கும். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் புரிய வேண்டுமென்று, சொன்னதையே மறுபடியும் சொல்லி, முடிவில் நீதியையும் எடுத்துக் கூறுவது வகுப்பறையில் கடமை. புத்தகத்தில் அதுவே வாசகரைச் சோர்வடையச் செய்கிறது. எழுதிய கட்டுரைகளின் கடைசிப் பத்தியை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். பிள்ளைகள் பேசிய நெல்லைத் தமிழையும் அதில் கலந்த இந்தியையும் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள்.

அந்தப் பிள்ளைகள் இன்று குடும்பத்தோடு வாழும் பெரியவர்கள் என்பதையும் மறக்கலாகாது. ஒருவரின் வறுமையையோ, சாதியையோ, தந்தையின் குடிப்பழக்கத்தையோ எழுத நேர்ந்தால், அவரைத் தேடிக் கண்டு அனுமதி கேளுங்கள். கண்டுபிடிக்க இயலாவிட்டால், பெயரையும் அடையாளங்களையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற பின் எழுதிய சிறுகதைகளை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். முந்நூறு பிரதிகளுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனிக் கட்டணமாம். பணிக்கொடைப் பணத்திலிருந்து கொடுக்கலாமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முலுண்டு, மும்பை

பதில்: கொடுக்க வேண்டாம். ஐஎஸ்பிஎன் எண்ணை, புதுதில்லியில் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றியே வழங்குகிறது. எழுத்தாளர் தாமே விண்ணப்பிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதற்கு விலை வைப்பவர் மற்றச் செலவுகளை எப்படிக் கணக்கிட்டிருப்பார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கதைகளை முதலில் இதழ்களுக்கு அனுப்புங்கள். உங்களை அறியாத வாசகர்கள் அவற்றைப் படித்த பிறகு, பணம் கேட்காத பதிப்பகத்தை அணுகுவது எளிதாகும். தாமாகவே வெளியிட விரும்பினால், தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் சில பிரதிகளோடு தொடங்கலாம்; கிண்டிலில் தமிழ் மின்னூல் வெளியிட முன்பணம் எதுவும் தேவையில்லை.

எந்தப் பதிப்பகத்தோடும் எழுத்து வடிவிலான ஒப்பந்தம் இல்லாமல் கையெழுத்துப் படியைக் கொடுக்காதீர்கள். எழுதிய கணத்திலேயே காப்புரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலவரையறை குறிப்பிடப்படவில்லை எனில், அது ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். ஆகவே ‘நிரந்தரமாக’ என்ற சொல் எங்கேனும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

இன்னொன்று: நீங்களே வெளியிட்டால் நீங்களே பதிப்பாளர். 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, தில்லி பொது நூலகம், மும்பை டவுன்ஹாலில் உள்ள ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தந்தை நோட்டுப் புத்தகங்களில் எழுதிக் குவிக்கிறார். அவருக்குத் தட்டச்சு தெரியாது. எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். இக்கடிதத்தையும் சொல்லித்தான் எழுதச் செய்தேன். எப்படி உதவுவது?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: கைபேசியில் தமிழ்க் குரல்வழித் தட்டச்சு நன்றாகவே வேலை செய்கிறது. அப்பா தாம் எழுதியதை நிறுத்தி நிதானமாகப் படிக்கட்டும்; நீங்கள் கைபேசியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ல, ள, ழ குழப்பமும் ஒற்றுப் பிழைகளும் வரும். அவற்றை அவரே பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளில் சிவப்பு மையால் திருத்தலாம், அது அவருக்குப் பழகிய வேலைதான். இறுதி மெய்ப்பை மட்டும் வேறொருவர் பார்க்க வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை தெரிவதில்லை. வெளியே கொடுத்துத் தட்டச்சு செய்தால், ஒருங்குறியில்தான் (யூனிகோடு) வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு வேறு கணினியில் திறக்கும்போது படிக்க முடியாமல் போகும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, மும்பை மழைக்காலத்தின் ஈரம் தாளுக்கு ஆகாது என்பதால், நோட்டுகளின் எல்லாப் பக்கங்களுக்கும் எண்ணிட்டு, இந்த வாரமே படமெடுத்து வைத்துவிடுங்கள்.