எண்ணெய்–நீர் இடைமுகத்தில் நுண்துகள் எவ்வளவு மூழ்குகிறது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஜெல்லன் முறையில் (நீரில் கரைத்த ஜெல்லன் என்ற பொருள் ஆறும்போது இறுகி, இடைமுகத்தில் பரப்பிய துகள்களைப் பிடித்துக்கொள்ளும் முறை) எடுத்த எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் துருத்தி நிற்பது துகளின் எண்ணெய்ப் பகுதிதானே?

பதில்: இல்லை, நீர்ப் பகுதி. 2003இல் ஹல் பல்கலைக்கழகத்தின் பவுனோவ் வெளியிட்ட இம்முறையில், நீர் ஜெல்லாக இறுகியபின் எண்ணெயை அகற்றி அங்கே சிலிக்கோன் ரப்பரை ஊற்றி உரித்தெடுக்கிறோம். எண்ணெயில் இருந்த பாகம் ரப்பருக்குள் புதைந்துவிடுகிறது. பக்கத்தை மாற்றிக் கொண்டால் 70 பாகைத் தொடுகோணம் (துகளின் மேற்பரப்பை இடைமுகம் தொடும் கோணம், நீர்ப் பக்கத்தில் அளப்பது) 110 ஆகிவிடும்.

கேள்வி: தொடுகோட்டு வட்டத்தின் (எண்ணெயும் நீரும் துகளும் சந்திக்கும் வட்டம்) விட்டத்தை மட்டும் அளந்தால் போதுமா?

பதில்: 90 பாகையை ஒட்டிப் போதாது. 2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகளுக்குக் கோணம் 90ஆக இருந்தால் வட்டத்தின் விட்டம் 2.00, 80 என்றாலும் 100 என்றாலும் 1.97. வேறுபாடு 30 நானோமீட்டர்தான், அதுவும் எந்தப் பக்கம் என்று சொல்லாது. துருத்தும் உயரமோ 90க்கும் 80க்கும் இடையில் 174 நானோமீட்டர் மாறுகிறது. உயரத்தை அளவிடுங்கள்.

கேள்வி: படத்தில் தெரிவது எந்தப் பக்கம்?

பதில்: முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன், தயவுசெய்து அதைப் படியுங்கள்.

கேள்வி: துகள்களை இடைமுகத்தில் பரவச் செய்தபின் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே. துகள் மைக்ரோவினாடிகளில் சமநிலை அடையாதா?

பதில்: பாகுநிலையை மட்டும் கொண்டு கணக்கிட்டால் அப்படித்தான் வரும். ஆனால் 2012இல் ஹார்வர்டில் மனோகரன் குழுவினர் ஹோலோகிராம் நுண்ணோக்கியால் தனித்தனி பாலிஸ்டைரீன் துகள்களைத் தொடர்ந்தபோது, அவை காலத்தின் மடக்கையை (லாகரிதம்) ஒட்டி, அதாவது போகப்போக மேலும் மெதுவாக, நகர்வதைக் கண்டார்கள். அதே போக்கில் போனால் சமநிலைக்கு மாதங்கள் ஆகலாம். தொடுகோடு துகளின் மேற்பரப்பிலுள்ள நானோ அளவுக் குறைகளில் சிக்கிச் சிக்கி விடுபடுகிறது.

கேள்வி: அப்படியானால் ஜெல்லன் அளவீடுகள் தவறா?

பதில்: தவறல்ல, அந்தக் கணத்தின் அளவீடுகள். நீரிலிருந்து வந்த துகள் சமநிலைக் கோணத்தைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். ஆகவே ஜெல் இறுகும்வரை கழிந்த நேரத்தையும், சூடான கரைசலின் வெப்பநிலையையும், பரப்பப் பயன்படுத்திய ஆல்கஹாலையும் குறிப்பேட்டில் எழுதாத முடிவை நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஜெல்லன் எங்கே மலிவாகக் கிடைக்கும்?

பதில்: உங்கள் ஆய்வகக் கொள்முதல் பிரிவைக் கேளுங்கள்.

கேள்வி: 20 நானோமீட்டர் தங்கத் துகளுக்கு என்ன வழி?

பதில்: 2011இல் சூரிச்சில் ஈசா குழுவினர் வெளியிட்ட உறைநிலை முறை. இடைமுகத்தை நொடியில் உறையவைத்து, எண்ணெயைப் பெயர்த்து, சாய்வாக உலோகம் படியவைத்தால் துகளின் பின்னே நிழல் விழும். அதன் நீளத்திலிருந்து உயரம் கிடைக்கும். கவனம்: இங்கே பக்கம் மாறுகிறது, பனிக்கு மேலே தெரிவது எண்ணெய்ப் பகுதி.