ஓட்டோ தம்பிக்கு, தவணை உங்களுக்கு

கேள்வி: கிளிநொச்சிக்குக் கிட்ட இருக்கிறோம். மகனுக்கு 19 வயது, கைக்குழந்தையிலிருந்தே கடும் முட்டு (ஆஸ்துமா). ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை வலது நுரையீரல் சுருங்கி, நெஞ்சில் குழாய் போட்டுக் காற்றை எடுத்தார்கள். இனி ஒப்பரேஷன்தான் நல்லது என்று வெலிசறை அரச நெஞ்சு வைத்தியசாலைக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். கணவரின் தம்பியோ, “அரசாங்க ஆஸ்பத்திரியில லைனில நிண்டு பிள்ளையைப் பறிகுடுக்கப் போறியளோ? கொழும்பில பிரைவேட்டில செய்யுங்கோ” என்கிறார். அங்கே 9 இலட்சம் கேட்கிறார்கள். என் பெயரில் கிழமைக்குக் கிழமை கட்டும் குழுக் கடன் (கிழமைக் கடன்) இரண்டு இருக்கிறது. எனக்கு எடுத்தது 1 இலட்சம், கிழமைக்கு 2,350. கணவரின் தம்பிக்கு ஓட்டோ எடுக்கக் கொடுத்தது 1½ இலட்சம், கிழமைக்கு 3,500. அவர் ஆறு கிழமையில் இரண்டு கிழமைதான் காசு தருவார். மூன்று பவுண் காப்பும் அடகில். கணவர் மேசன், வேலை இருந்தால் மாதம் 60,000 வரும். மூன்றாவது கடன் எடுக்கவா, காணியை ஈடு வைக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம், தங்கச்சி. கடன் வட்டி கூட என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை, ஒவ்வொரு கிழமையும் கடன் குழு கூடும் சென்டரில் எண்ணிக் கொடுப்பவர் நீங்கள். நான் நிற்பது அந்த ஓட்டோவில்.

3,500ஐ 52 கிழமை கட்டினால் 182,000. வாங்கியது 150,000. 32,000தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் கழிந்துகொண்டு போவதால், வருடம் முழுக்கப் பார்த்தால் சராசரியாகப் பாதிக் காசுதான் உங்கள் பக்கம் நின்றிருக்கும். அப்படிப் பார்த்தால் வட்டி 40 வீதத்தை ஒட்டி வருகிறது. அதில் உங்கள் மச்சான் தராமல் விடுவது வருடத்துக்கு 35 கிழமை. 35 தர 3,500, ஒரு இலட்சத்து 22 ஆயிரத்துச் சொச்சம்.

இப்போது வெலிசறைக் கணக்கு. அங்கே சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை. துணைக்கு ஒருவர் பத்து நாள் தங்கிச் சாப்பிட நாளுக்கு 2,500 என்றால் 25,000. கணவர் அந்தப் பத்து நாளும் வேலையை விட்டால், மாதம் 60,000இல் மூன்றில் ஒன்று, 20,000. போக்குவரத்து, வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து என்று இன்னொரு 20,000 போடுங்கள். 65,000. ஒரு ஓட்டோவுக்காக நீங்கள் சும்மா கட்டும் காசு, மகனின் ஒப்பரேஷன் பயணத்தையே தாண்டி நிற்கிறது. கடிதத்தின் கடைசியில், இரவில் முட்டு வந்தபோது அதே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் 2,000 ஹயர் கொடுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அதை இரண்டு தரம் வாசித்தேன்.

பிரைவேட் கதைக்கு வருவோம். 9 இலட்சம் என்பது உங்கள் ஓட்டோக் கடனின் ஆறு மடங்கு. இதே வட்டிக்கு எடுத்தால் கிழமைக்கு 21,000, மாதம் 90,000க்கு மேல். கணவரின் முழு உழைப்பும் போதாது. வெலிசறை தேசிய சுவாச நோய் வைத்தியசாலை நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்கென்றே பேர் போன இடம். உங்களை யாரும் ஒதுக்கித் தள்ளவில்லை, சரியான வாசலுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

ஒப்பரேஷனே தேவையா என்று யாராவது குழப்பினால் அதையும் கேட்காதீர்கள். முட்டு கடுமையானால் நுரையீரலுக்குள் காற்று அடைபட்டு, மேற்பக்கத்துச் சின்னக் கொப்புளங்கள் வெடித்து, காற்று நெஞ்சுக் கூட்டுக்குள் கசியும். முதல் தடவைக்குப் பிறகு மூன்று பேரில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. இரண்டாவது தடவை வந்தவருக்கு அடுத்ததும் வரும் வாய்ப்பு இன்னும் கூட. சிறு துளைகள் வழியாகக் கமராவை விட்டுக் கசியும் இடத்தை அடைத்து, நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்தால் அது வெகுவாகக் குறையும். ஆனால் முட்டு மாறாது. முட்டு அடங்காத பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்து. அதனால் காத்திருக்கும் நாளில் தடுப்பு பம்பை (முட்டு வராமல் தடுக்கும் இன்ஹேலரை) காலை மாலை தவறாமல் அடிப்பதுதான் ஒப்பரேஷனுக்கான முதல் ஆயத்தம். அது கிளினிக்கில் இலவசம். சுகமாக இருக்கும் நாளில் பம்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இழுக்கும்போது ஹயருக்கும் நெபுலைசருக்கும் காசைக் கொட்டுகிற வீடுகள் வன்னியில் நிறைய.

திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு குத்தி, பம்ப் அடித்தும் மூச்சு அடங்காவிட்டால் ஓட்டோ தேடாதீர்கள். 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

இனிக் கடன். மூன்றாவது கையெழுத்து யாருக்காகவும் வேண்டாம். ஓட்டோத் தவணையை நிறுத்திவிடவும் முடியாது, நீங்கள் கட்டாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்களின் தலையில் விழும். அதனால் மச்சானிடம் கணவர் கேட்கட்டும், நீங்கள் அல்ல. தவணைக்கு முதல் நாள் பின்னேரம் 3,500 வீட்டுக்கு வரவேண்டும். வராவிட்டால் ஓட்டோவை உங்கள் முற்றத்தில் விடட்டும், அடுத்த நாள் காசோடு வந்து எடுக்கட்டும். மனக்கசப்பு வரும். வரட்டும்.

காப்பை எப்போதோ தங்கம் மலிவாக இருந்தபோது அடகு வைத்திருந்தால், இன்றைய விலைக்கு அதே காப்பில் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். அரச வங்கி அடகு வட்டி, கிழமைக் கடன் வட்டியில் பாதிகூட வராது. அந்தக் காசில் உங்கள் 1 இலட்சக் கடனின் மிச்சத்தை முடியுங்கள். மருத்துவச் செலவுக்கும் கை கடித்தால், பிரதேச செயலகத்தில் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றி ஒப்பரேஷனுக்கு முதலே கேளுங்கள்.

காப்புறுதி முகவர் ஒருவர் “மகனுக்கு இப்பவே ஹொஸ்பிட்டல் கவர் போடுவோம்” என்றாராம். ஏற்கனவே இருக்கிற வருத்தத்துக்கு அவர்கள் தரப்போவதில்லை. மறைத்துப் போட்டால் பிறகு அதையே காட்டி மறுப்பார்கள். அந்தப் பிரீமியக் காசில் ஒரு ஸ்பேசர் (பம்ப் மருந்து சரியாக நுரையீரலுக்குள் போக உதவும் குழாய்) வாங்குங்கள்.

வெலிசறைக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே, சி.டி. படங்கள், கிளினிக் கொப்பி, பாவிக்கிற பம்புகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போங்கள். அதற்கு முதல் காப்பின் அடகுச் சீட்டை எடுத்துத் தவணைத் திகதியைப் பாருங்கள். கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தீர்கள், அதை மட்டும் எழுதவில்லை.