எஸ்எஸ்டி செத்துவிட்டதா, கெர்னலுக்குக் கண் தெரியவில்லையா?

கேள்வி: 2020-இல் உபுண்டு 20.04 லினக்ஸ் நிறுவி, படிப்படியாக 24.04 வரை மேம்படுத்திய லேப்டாப் என்னுடையது. வட்டு முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டி வைத்திருக்கிறேன். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 6.12 பதிப்பு மூலநிரலை இறக்கி, விருப்பங்கள் அடங்கிய பழைய கான்ஃபிக் கோப்பையே எடுத்துக்கொண்டு கம்பைல் செய்தேன். அதை நிறுவும் மேக் இன்ஸ்டால் கட்டளை கடைசியில் ஏதோ பிழை காட்டி நின்றது. காணொளி ஒன்றில் சொன்னபடி, பூட் மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-க்ரப் கொடுத்து ரீபூட் செய்தேன். இப்போது ‘கெர்னல் பேனிக், அன்நோன் பிளாக் (0,0)’ என்று திரை உறைந்து நிற்கிறது. சர்வீஸ் கடையில் எஸ்எஸ்டி போய்விட்டது, புதியது 4,500 ரூபாய், தரவை மீட்க 3,000 ரூபாய் என்கிறார்கள். லேப்டாப்பை விட்டுவிட்டு வரட்டுமா?

பதில்: விட்டுவிட்டு வராதீர்கள். நீங்கள் அனுப்பிய திரைப் புகைப்படத்தில் எஸ்எஸ்டி பழுதுக்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை.

பேனிக் வரிக்கு நான்கைந்து வரி மேலே, ரூட் சாதனத்தை (இயங்குதளம் இருக்கும் இடத்தை) திறக்க முடியவில்லை என்று சொல்லும் வரியில் ‘மேப்பர்’ என்ற சொல் தெரிகிறது அல்லவா? அது பூட்டிய வட்டைத் திறந்த பிறகே உருவாகும் பெயர். கெர்னல் தானாக அதை உருவாக்கிக்கொள்ளாது. கடவுச்சொல்லைக் கேட்டு, பூட்டைத் திறந்து, உள்ளிருக்கும் பார்ட்டிஷனைக் கெர்னலிடம் கொடுக்கும் வேலையைச் செய்வது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்பு. பூட் ஆகும்போது அது கெர்னலோடு சேர்ந்து நினைவகத்தில் ஏற வேண்டும். உங்களிடம் அது ஏறவில்லை. கடவுச்சொல் கேட்கும் திரையே வராமல் பேனிக் வந்ததும் அதனால்தான். அடைப்புக்குள் இருக்கும் இரண்டு சுழியங்களும் அதையே சொல்கின்றன: கெர்னல் வட்டைப் படித்துத் தோற்கவில்லை, வட்டு எது என்றே அதற்குத் தெரியவில்லை. அங்கே 259 அல்லது 8 என்று தொடங்கும் எண் இருந்திருந்தால், வட்டு தெரிந்தும் அதிலுள்ள கோப்பு முறைமைக்கு டிரைவர் இல்லை என்று வேறு திசையில் தேடச் சொல்லியிருப்பேன்.

அதன் கீழேயே ‘சரியான ரூட் விருப்பத்தைச் சேர்க்கவும், கிடைக்கும் பார்ட்டிஷன்கள் இவை’ என்று ஒரு வரி வந்து, பட்டியலில் உங்கள் எஸ்எஸ்டி இல்லாமல் முடிகிறது. கடைக்காரர் அதைத்தான் சாவுச் சான்றிதழாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரை முழுவதும் குறை சொல்லவும் முடியவில்லை. இனிட்ராம்எஃப்எஸ் வரவில்லை என்ற எளிய உண்மையைச் சொல்லாமல், ரூட்டைத் திருத்து என்று தவறான கதவைக் காட்டும் அந்தப் பிழைச்செய்தியை இத்தனை ஆண்டுகளாக யாரும் மனிதர்களுக்குப் புரியும்படி மாற்றி எழுதவில்லை.

நடந்தது பெரும்பாலும் இதுதான். உபுண்டுவின் கான்ஃபிக் கோப்பில் பிழைதிருத்தத் தகவலைச் சேர்க்கும் விருப்பம் இயங்கு நிலையில் இருக்கும். உபுண்டுவை வெளியிடும் நிறுவனம் அதைப் பிற்பாடு பிரித்தெடுத்துவிட்டுத்தான் நமக்குத் தருகிறது; நாம் வீட்டில் கம்பைல் செய்யும்போது பிரிப்பதில்லை. அதனால் மாட்யூல்கள் (டிரைவர் போன்ற கெர்னல் துண்டுகள்) ஊதிப்போய், வழக்கமாக நூறு எம்பியை ஒட்டி இருக்கும் இனிட்ராம்எஃப்எஸ் 500 எம்பியையும் தாண்டிவிடுகிறது. வட்டைப் பூட்டி நிறுவியவர்களுக்கு, கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸும் இருக்கும் பூட் தனிப் பார்ட்டிஷன். 2020-இல் நிறுவியவர்களுக்கு அது பெரும்பாலும் ஒரு ஜிபிகூட இருக்காது. இடம் போதாமல் தொகுப்பு பாதியில் நின்றது, மேக் இன்ஸ்டாலும் பிழையோடு நின்றது. அந்த நிலையில் புதிய கெர்னல் மெனுவுக்கே வந்திருக்காது. காணொளியின் பேச்சைக் கேட்டு நீங்கள் கையால் அப்டேட்-க்ரப் கொடுத்தீர்கள்; க்ரப்பும் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத கெர்னலை எந்த மறுப்பும் சொல்லாமல் மெனுவின் முதல் வரியில் வைத்துவிட்டது. பிழை வந்தால் அடுத்த கட்டளையை அடித்துப் பார் என்று கற்றுக்கொடுக்கும் காணொளிகளின் தயவில்தான் எனக்கு வாரம் இரண்டு கடிதங்கள் வருகின்றன.

இப்போது செய்ய வேண்டியது. லேப்டாப்பை இயக்கி, தயாரிப்பாளரின் சின்னம் மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரு முறை அழுத்துங்கள். மெனு வந்ததும் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே போய், ‘ஜெனரிக்’ என்று முடியும் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் கேட்கும், கொடுத்தால் உங்கள் டெஸ்க்டாப் திரை அப்படியே வரும். எஸ்எஸ்டி உயிரோடு இருப்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

உள்ளே வந்ததும் டிஎஃப் கட்டளையால் பூட் பார்ட்டிஷனில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். உங்கள் 6.12 பதிப்பின் பெயரில் பாதியில் நின்ற இனிட்ஆர்டி கோப்பு (இனிட்ராம்எஃப்எஸ் தொகுப்பு இந்தப் பெயரில்தான் இருக்கும்) இருந்தால் நீக்குங்கள். இரண்டு முறை மேக் இன்ஸ்டால் கொடுத்திருந்தால் ‘ஓல்டு’ என்று முடியும் நகல்களும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், அவற்றையும் நீக்கலாம். இப்போது பூட் ஆகியிருக்கும் பழைய கெர்னலை மட்டும் தொடவே கூடாது. அதன் பிறகு, மூலநிரல் கோப்புறையில் நின்று, மாட்யூல்ஸ் இன்ஸ்டால் கட்டளையோடு ‘இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப் = 1’ என்ற மாறியைச் சேர்த்துக் கொடுங்கள்; ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுக் குறி (_) வைத்து, இடைவெளி விடாமல் எழுத வேண்டும். இது பிழைதிருத்தத் தகவலை உரித்துவிட்டு மாட்யூல்களை மீண்டும் பதியும். பிறகு மேக் இன்ஸ்டால். இந்த முறை கடைசி வரிவரை கண்ணால் பாருங்கள். பிழை வந்தால் அங்கேயே நில்லுங்கள்.

இனி அந்தத் ‘தரவு மீட்பு’. நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் இதே பேனிக் வந்தபோது, ஒரு கடையில் எஸ்எஸ்டியைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டினார்கள். பூட்டிய லினக்ஸ் வட்டு விண்டோஸுக்குப் புரியாது. ‘பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று ஒரு பெட்டி வரும். அதைக் காட்டியே வட்டு கெட்டுவிட்டது என்றார்கள். நல்லெண்ணத்தோடு ஃபார்மட்டும் செய்து கொடுத்தார்கள். வட்டைத் திறக்கும் உண்மையான சாவி அந்தப் பார்ட்டிஷனின் தலைப்பகுதியில், வழக்கமாக முதல் 16 எம்பிக்குள் இருக்கிறது. உங்கள் கடவுச்சொல் அந்தச் சாவியைத் திறப்பதற்கு மட்டுமே. தலைப்பகுதி அழிந்துவிட்டால், கடவுச்சொல் நினைவில் இருந்தும் பயனில்லை. எஸ்எஸ்டியில் விரைவு ஃபார்மட்கூட, இந்த இடமெல்லாம் காலி என்று வட்டுக்கே சொல்லிவிடுகிறது. அதன் பின் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நண்பரிடம் அந்தக் கடை மீட்புக் கட்டணமும் வாங்கிக்கொண்டது.

ஒரே ஒரு விலக்கு உண்டு: இனிட்ராம்எஃப்எஸ் ஏறியும் கெர்னலுக்கு எஸ்எஸ்டி தெரியாத நிலை. அதில் நான் ஒரு முழு இரவை இழந்திருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். பதினோராம் தலைமுறையிலிருந்து வந்த பல இன்டெல் லேப்டாப்களில் எஸ்எஸ்டி நேரடியாகத் தெரியாமல் விஎம்டி என்ற அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கெர்னலில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கான டிரைவர் இருந்தால் மட்டும் போதாது, விஎம்டி டிரைவரும் வேண்டும். இங்கே பேனிக் வராது. இனிட்ராம்எஃப்எஸ் ஏறும், வட்டுக்காகச் சிறிது நேரம் காத்திருக்கும், பிறகு பிஸிபாக்ஸ் என்ற கறுப்புத் திரையில் கொண்டுபோய் விடும். உபுண்டுவின் கான்ஃபிக் கோப்பை எடுத்தவர்களுக்கு அந்த டிரைவர் தானாக வந்துவிடும். இணையத்தில் யாரோ போட்ட ‘வேகமான’ கான்ஃபிக்கை எடுத்தவர்களும், வேண்டாததை வெட்டுகிறேன் என்று இறங்கியவர்களும்தான் மாட்டுவார்கள். பயாஸில் விஎம்டியை அணைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். லினக்ஸ் மட்டும் உள்ளவர்கள் அணைக்கலாம். விண்டோஸும் உடன் இருந்தால் அணைக்க வேண்டாம்; அது நீலத்திரையில் நின்றுவிடும். டிரைவரைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்வதே சரி. இப்படி ஓர் அடுக்கு இருப்பதை லேப்டாப் பெட்டியின் மேல் அச்சிட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

உங்கள் வட்டு எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பேனிக் வந்திருப்பதால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

பழைய கெர்னலில் உள்ளே வந்த கையோடு, வேறு எதையும் தொடும் முன், வட்டுப் பூட்டைக் கையாளும் கிரிப்ட்செட்டப் கருவியின் லக்ஸ் ஹெடர் பேக்கப் கட்டளையால் அந்தத் தலைப்பகுதியை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வீட்டிலேயே வையுங்கள். கடைக்காரர் பார்த்ததற்குக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டியைக் கழற்ற மட்டும் சம்மதிக்காதீர்கள்.