பூத்துக்குளி போர்த்தி வாசலில் நிற்கச் சொல்கிறார் முதலாளி

கேள்வி: நான் தோடர் பெண். ஊட்டியில் வர்க்கி, தைலம், சாக்லேட் விற்கும் கடையில் இரண்டு வருடமாகப் பில் போடுகிறேன். இந்த சீசனில், எங்கள் மரபுச் சால்வையான பூத்துக்குளியைப் போர்த்தி வாசலில் நின்று, வருகிறவர்களோடு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் முதலாளி. எங்கள் பெரியவர்கள் முன் மண்டியிட்டு, அவர்கள் பாதத்தை நெற்றியில் வாங்குவோம். அதையும் 'செய்து காட்டு' என்கிறார். மறுத்தால் வேலை போய்விடுமா?

பதில்: உங்கள் மனம் ஒப்பாததில் தப்பே இல்லை, அம்மா. உங்கள் வீட்டில் இறந்தவருக்குப் போர்த்துவதும் அதே பூத்துக்குளிதான். அது முதலாளிக்குத் தெரியாமல் இருக்கலாம். முதலில் நேரில் சொல்லிப் பாருங்கள். அன்று இரவே வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள்: "ஐயா, பில் வேலையை எப்போதும் போல் செய்கிறேன். பூத்துக்குளியும் வணக்கமும் எங்கள் சடங்கு சார்ந்தவை. கடையில் செய்ய இயலாது."

இந்த மூன்று வரி முக்கியம். இப்படிக் கேட்டதை மட்டும் வைத்து வழக்குப் போடுவது கடினம். நீங்கள் மாட்டேன் என்ற பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

வேலையை விட்டு நிறுத்தினால்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-ஐப் பாருங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக்கூடாது. வேஷம் போட மறுத்தது தகுந்த காரணம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம்.

வாடிக்கையாளர்கள் முன் இனத்தைச் சொல்லித் திட்டினால் விஷயமே வேறு. தோடர்கள் பட்டியல் பழங்குடியினர். திட்டுபவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர் என்றால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. ஆனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் நடந்திருக்க வேண்டும். தனி அறையில் இருவர் மட்டும் இருக்கும்போது பேசியது இதில் நிற்காது. கூட வேலை செய்பவர் யார் கேட்டார் என்று தேதியோடு குறித்து வையுங்கள். 14566 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது. போட்டோ எடுக்கிறேன் என்று யாராவது தோளில் கை போட்டார்களா? கடைக்கு வருகிறவர்களிடமிருந்தும் உங்களைக் காக்க வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவில், மூன்று மாதத்துக்குள் புகார் கொடுங்கள்.

அப்புறம், சம்பளம் வங்கியில் ஏறுகிறதா, கையில் தருகிறாரா? கையில் என்றால், ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்ததை நிரூபிக்க, வேலையில் சேர்ந்த நாளைக் காட்டும் ஏதாவது ஒரு தாளை இந்த வாரமே தேடி எடுத்து வையுங்கள்.