துவரம்பருப்பு அவியாததற்குக் காரணம் புளிதான்

நெய், மாட்டுப்பால் இல்லாமல் பருப்பும் மரக்கறியும் போட்டுத் தடிப்பாகக் குழம்பு வைத்தும், ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் துவரம்பருப்பு கல்லுப்போலக் கிடந்தது என்கிறீர்கள். பழப்புளியைத் தொடக்கத்திலேயே கரைத்து விட்டதுதான் பிழை. புளிப்புக்குள் பருப்பு லேசில் அவியாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது, அதுவும் இழுத்தடிக்கும். இரவே ஊறவையுங்கள். அவிக்கும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா போதும்; நான் ஒருமுறை அளவுக்கு மிஞ்சிப் போட்டு, சட்டி முழுக்கச் சவர்க்கார மணம்!

பருப்பை விரலால் நசித்தால் மசிய வேண்டும். அப்புறம்தான் முருங்கைக்காய், கத்தரிக்காய், பூசணிக்காய், கறித்தூள். பூசணி பாதி கரைந்து குழம்பைத் தானே தடிப்பாக்கும். பிறகு புளி, ஒரு கொதி. இறக்கும்போது தேங்காய் முதற்பால். அவசரமென்றால் மைசூர்ப்பருப்பு, 20 நிமிடத்தில் அவிந்துவிடும்.