மலை ஊர்ல இருந்துட்டு மீனுக்கு ஆன்லைன்ல டாக்டர் பாக்கறது வேலைக்கு ஆகுமா?

குன்னூர்ல இருக்கேன், கோல்டு ஃபிஷ் மேல வெள்ளப் புள்ளி, இங்க மீன் பாக்கற டாக்டர் இல்ல, ஆன்லைன்ல காசு கட்டி கேக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா கேளுங்க. நான் கோத்தகிரி, போன குளிர்ல அப்படித்தான் கேட்டேன். கால்நடை ஆஸ்பத்திரில மாடு, ஆடு, நாய் பாக்கவே நேரம் சரியா இருக்கும், அவங்கள சொல்லிக் குத்தமில்ல. வெட்னரி டாக்டர்தான் வேணும்னும் இல்ல, 1977ல ஆரம்பிச்ச தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி மாதிரி இடத்துல பி.எஃப்.எஸ்சி (மீன்வளப் பட்டப்படிப்பு) படிச்சவங்களுக்கும் மீன் நோய் பாடமாவே உண்டு.

நான் பேசின டாக்டரம்மா போட்டோவ சும்மா ஒரு பார்வை பாத்துட்டு, "தண்ணி எத்தன டிகிரி?"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. விடிகாலைல 14, மத்தியானம் ஜன்னல் வெயில் பட்டா 18ன்னு சொன்னேன். அப்ப மருந்து பாட்டில்ல போட்டிருக்கற நாள் கணக்கு உங்களுக்கு ஆகாதுன்னுட்டாங்க. விஷயம் என்னன்னா வெள்ளப் புள்ளி ஒரு ஒட்டுண்ணி, தோலுக்கு அடில இருக்கறப்ப மருந்து அதுகிட்ட போகவே போகாது, அது முத்தி கீழ விழுந்து கல்லுல ஒட்டி நூத்துக்கணக்கா பிரிஞ்சு அடுத்த மீனைத் தேடி தண்ணில நீந்துது பாருங்க, அந்த நேரத்துல மட்டும்தான் சாகும். இந்த சுத்து 25 டிகிரில ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சிரும், 10 டிகிரி பக்கம் போச்சுன்னா ஒரு மாசத்துக்கு மேலயும் இழுக்கும். கடைல குடுக்கற அஞ்சு நாள் மருந்து கீழ் ஊரு சூட்டுக்கு சரி, ஊட்டி பக்கம் ஜனவரில அத நம்பினா புள்ளி மறைஞ்ச மாதிரி மறைஞ்சு திரும்ப வரும். ஹீட்டர் வச்சு தினம் ஒரு டிகிரி ரெண்டு டிகிரின்னு மெதுவா ஏத்தச் சொன்னாங்க, சூடு ஏறினா தண்ணில ஆக்சிஜன் குறையும், அதனால ஏர் பம்ப் ராத்திரியும் ஓடணும்.

அடுத்து கேஹெச் கேட்டாங்க, அதாவது பிஹெச் இறங்காம தாங்கிப் பிடிக்கற கார்பனேட் உப்பு தண்ணில எவ்வளவுன்னு. சமவெளில போர் தண்ணி பிடிச்சா பக்கெட்டுல வெள்ளையா உப்பு படியுமே, நம்ம மலைத் தண்ணில அது கிடையாது, குளிக்க சுகம், தொட்டிக்கு வம்பு. கேஹெச் தீந்துருச்சுன்னா பிஹெச் சரசரன்னு 6க்கு கீழ இறங்கும், மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ தின்னற ஃபில்டர் பாக்டீரியா படுத்துக்கும், அம்மோனியா சேரும். பிஹெச் கம்மியா இருக்கறவரைக்கும் அந்த அம்மோனியா பெருசா ஒண்ணும் பண்ணாது, ஆனா தொட்டி அழுக்கா இருக்குன்னு ஒரே நாள்ல பாதித் தண்ணிய மாத்தினா பிஹெச் ஏறி அது அப்படியே விஷமாயிரும். சுத்தம் பண்ணின அன்னிக்கே மீன் சாகுதுன்னு இங்க பாதிப் பேர் பொலம்பறது இதனாலகூட இருக்கலாம்.

அதனால காசு கட்டறதுக்கு முன்னாடி தண்ணி டெஸ்ட் கிட் வாங்குங்க, காகித ஸ்ட்ரிப்பவிட தண்ணில சொட்டு விட்டு நிறம் பாக்கற கிட் தேவல. அம்மோனியா, நைட்ரைட், பிஹெச், கேஹெச், காலை மாலை டிகிரி, கடைசியா எப்ப தண்ணி மாத்தினீங்க, புது மீன் விட்டீங்களா, என்னென்ன மருந்து ஏற்கனவே ஊத்தியாச்சு (கல்லுப்பு உட்பட), எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க. தொட்டி எத்தன லிட்டர்னு தெரியலன்னா நீளம், அகலம், தண்ணி உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 1000ஆல வகுங்க. வீடியோ பக்கவாட்டுல எடுங்க, ஃப்ளாஷ் வேண்டாம், செவுள் மூடி திறக்கறது எண்ணற மாதிரி தெரியணும். இது எதையுமே கேக்காம போட்டோவ பாத்த கையோட ஆன்டிபயாடிக் எழுதறவர்னா வேற ஆளப் பாருங்க.

ஆன்லைன்ல ஆகாதது ஒண்ணு இருக்கு, தோலையும் செவுளையும் லேசா சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாக்கறது. மீன் செத்துப் போய் லேபுக்கு அனுப்பலாம்னு தோணுச்சுன்னா உடனே பாலித்தீன் கவர்ல போட்டு ஐஸ் மேல வைங்க, ஃப்ரீஸர்ல வச்சா திசு கெட்டுப்போய் பாக்க முடியாது. ஃப்ரிட்ஜ்ல வைக்கறதா இருந்தா வீட்ல சொல்லிட்டு வைங்க, தயிருக்குப் பக்கத்துல வேண்டாம்.