நிபுவோடு தொடங்காதீர்கள்

முதுகலை ஆய்வேட்டுக்கு "பழைய போலந்து இலக்கியத்தில் இயற்கையோடு ஒட்டிய லட்சிய வாழ்வு" என்று தலைப்பு எடுத்துவிட்டு, போலந்து எழுத்தாளர் கிராசிட்ஸ்கியின் 1776 நாவலில் வரும், மக்கள் இயற்கையோடு ஒட்டி வாழும் நிபு என்ற கற்பனைத் தீவைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் இருநூறு ஆண்டு பின்னால் போங்கள்.

மிகோவாய் ரெய் 1568-இல் எழுதிய 'நல்ல மனிதனின் வாழ்க்கை' உரைநடைதான் முதலில் படிக்க வேண்டியது. சின்ன நிலக்கிழார் ஒருவர் பருவத்துக்குப் பருவம் என்ன செய்கிறார் என்று ருசித்து ருசித்துச் சொல்கிறார். வசந்தத்தில் மனைவியோடு தோட்டத்தில் இறங்கி மரங்களுக்கு ஒட்டுப்போடுவது போன்ற இடங்களில் அவருக்கு அவசரமே இல்லை. அப்புறம் அதே நூற்றாண்டுக் கவிஞர் கொக்கானோவ்ஸ்கியின் 'சொபூத்கா' பாடல்: கோடை நடுவில் வரும் புனித யோவான் திருவிழா இரவில் தீ மூட்டிப் பன்னிரண்டு பெண்கள் பாடுகிறார்கள். பன்னிரண்டாமவள் பாடுவதுதான் கிராமத்துப் புகழ்ச்சி.

ஆனால் இவற்றை மட்டும் வைத்து எழுதினால் ஆய்வு ஒருபக்கமாகிவிடும். அந்த வயலில் உழைத்தவர்கள் பண்ணையடிமைகள். வாரத்தில் ஒரு நாளாவது பிரபுவின் நிலத்தில் இலவசமாக உழைக்க வேண்டும் என்று 1520-லேயே சட்டமாகிவிட்டது. ஷிமோனோவிட்ஸின் 'அறுவடைக்காரர்கள்' (1614) என்ற கவிதையை அவசியம் படியுங்கள். சாட்டையோடு திரியும் கண்காணிக்கு முன்னால் அறுவடை செய்யும் பெத்ரூகா என்ற பெண் சூரியனைப் பார்த்துப் பாடுகிறாள், இவனும் உன்னைப் போல இருக்கக் கூடாதா என்று. என்னைக் கேட்டால் உங்கள் மைய அத்தியாயமே இதுதான்.

சரி, நிபுவுக்கு இதன் பிறகு வாருங்கள். கப்பல் உடைந்து அங்கே ஒதுங்கும் போலந்துப் பிரபுவே வயலில் இறங்கி உழைக்கிறான். முந்தைய நூல்களில் இல்லாத மாற்றம் அது.